தேஹோவுக்கு ஒரு சுவர்

எல்ஸ்பரி அருங்காட்சியகத்திலிருந்து போனில் பேசிய பெண்மணி ஐந்து நிமிடத்துக்குள் அவரை மூன்று தரம் ‘மகத்தான ஓவியர்’ என்று சொல்லிவிட்டார். முதல் தரத்திலேயே யோம் தேஹோவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கொரியாவிலிருந்து வந்து இருபத்திரண்டு வருடமாக நியூ ஜெர்சியில் குப்பை கொட்டுகிறவர் அவர். இந்த ஊரில் முன்பின் தெரியாத ஒருவர் இனிக்க இனிக்கப் பேசினால், ஒன்று இன்ஷூரன்ஸ் விற்கிறார், இல்லையென்றால் தன் தேவாலயத்துக்கு ஆள் பிடிக்கிறார் என்பது அவர் கண்ட அனுபவம்.

“எவ்வளவு கட்டணும்?” என்று நேராகவே கேட்டார்.

“எதுவும் கட்ட வேண்டாம், மிஸ்டர் யோம். உங்க படத்தை மாட்டறது எங்களுக்குப் பெருமை.”

சந்தேகம் இரட்டிப்பாகிவிட்டது. போனை வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தார். மனைவி ஹேரான் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“யாருங்க?”

“அருங்காட்சியகமாம். என் படத்தை மாட்டப் போறாங்களாம்.”

“எதுக்காம்?”

தான் நினைத்ததையே அவளும் கேட்டதில் தேஹோவுக்குக் கொஞ்சம் நிம்மதி. இந்த ஒற்றுமைதான் அவர்கள் குடும்பத்தை இத்தனை வருடம் ஓட்டிவந்திருக்கிறது.

மாட்ட வேண்டிய படம் எது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை. பகலில் அவர் ஃபோர்ட் லீயில் ஒரு பயிற்சிப் பள்ளியில் வேலை பார்க்கிறார். ஓவியக் கல்லூரிக்குப் போகத் துடிக்கும், அல்லது பெற்றோர்களால் துடிக்கவைக்கப்படும், கொரியப் பிள்ளைகளுக்குப் பிளாஸ்டரில் செய்த ரோமானியத் தலைகளைப் பென்சிலால் வரையக் கற்றுக்கொடுப்பது. மிச்ச நேரத்தில் வீட்டுக் கார் ஷெட்டில் படம் போடுவார். கார் வெளியே பனியில் கிடக்கும். நாலு வருடமாக அங்கே ஒரே படம்: ரூட் 46 நெடுஞ்சாலையில் இருக்கும் கார் கழுவுமிடம். சுழலும் ராட்சதச் சிவப்பு ப்ரஷ்கள், நுரை, நனைந்த கண்ணாடிக்குப் பின்னால் மங்கலாக ஒரு முகம். பெயர், ‘வெள்ளிக்கிழமை, கார் கழுவுமிடம்’. மூன்று பெரிய துண்டுகளைச் சேர்த்து வைத்தால்தான் அது ஒரு படம். ஷெட்டிலோ ஒரு துண்டுக்குத்தான் இடம். இரண்டடி பின்னால் நகர்ந்தால் கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் ஃபிரிட்ஜ் முதுகில் இடிக்கும்.

ஆகவே, தான் வரைந்த படத்தை முழுதாக அவரே பார்த்ததில்லை. தள்ளி நின்று பார்த்தால் அந்தச் சிவப்பு சுழல வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு. கணக்கு சரியா தப்பா என்று தெரியாது. ஒரு நூடுல்ஸ் கடைக்காரர் மாட்டிக்கொள்கிறேன் என்றார். ஆனால் நடுவில் ஏசி இருப்பதால் மூன்றில் இரண்டு போதும் என்றார். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இடம் இருந்தது; அங்கே கூரை தலையில் முட்டியது. தேஹோவுக்குப் புகழ் வேண்டாம், பணம்கூட வேண்டாம். ஒரு பெரிய சுவர் வேண்டும், அதற்கு எதிரே பின்னால் நகர்ந்துபோகக் கொஞ்சம் தரை வேண்டும். அவ்வளவுதான்.

படத்தைப் பார்வையிட மெரடித் கொய்ல் வந்தாள். கண்காட்சிப் பொறுப்பாளர். பதினோரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மிகச் சரியாகப் பதினோரு மணிக்கே வந்தாள். அதையும் தேஹோ மனதில் குறித்துவைத்துக்கொண்டார்.

வருடா வருடம் எல்ஸ்பரி அருங்காட்சியகம் ‘ஏக்கம்’ என்ற தலைப்பில், தாய்மண்ணைப் பிரிந்து வாழும் ஒரு கொரிய ஓவியரைக் கௌரவிக்கிறது. இந்த வருடம் அவர் முறை. மெரடித் நடுத் துண்டுக்கு ஒன்றரை அடி தூரத்தில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“இந்தச் சிவப்பு… ரத்தமா?”

“ப்ரஷ்ஷுங்க.”

“கலைஞனோட ப்ரஷ்?”

“கார் கழுவுற ப்ரஷ். மெஷின்ல சுத்தும்.”

“போரோட நினைவுகளா?”

“வெள்ளிக்கிழமைங்க. அன்னிக்குத்தான் கூட்டம் அதிகம்.”

மெரடித் விடுவதாக இல்லை. “நீங்க வளர்ந்த வீட்டைப் பத்திச் சொல்லுங்க. மண் சுவர், ஓட்டுக் கூரை…”

“தேஜோன் நகரத்துல அபார்ட்மென்ட். பதினோராவது மாடி.”

“ராத்திரி படுத்துக்கிட்டு அண்ணாந்து பாத்தா தலைக்கு மேல என்ன தெரியும்?”

“பன்னெண்டாவது மாடி.”

“அம்மா பாடின தாலாட்டு ஏதாவது?”

“அம்மா இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வீட்டுக்கு வரவே ஒன்பது மணி ஆயிடும். நாங்க போன் பண்ணிக் கறுப்பு நூடுல்ஸ் வரவழைச்சுச் சாப்பிட்டுத் தூங்கிடுவோம்.”

அவள் குறிப்பெடுத்துக்கொண்டாள். தலைகீழாகப் படிப்பது தேஹோவுக்குக் கைவந்த கலை. பிள்ளைகளின் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றே ஆயுளைக் கழித்தவர். ‘காயத்தை மறைக்கிறார்’ என்று எழுதியிருந்தாள். போகும்போது படத்தை ஒரு போட்டோவும் கிம்ச்சி ஃபிரிட்ஜை எட்டு போட்டோவும் எடுத்துக்கொண்டாள்.

“சுவர் எவ்வளவு பெரிசு? எத்தனை அடி தள்ளி நின்னு பாக்கலாம்?” என்று கேட்டார் தேஹோ.

“முப்பது அடி. ஆனா முதல்ல நீங்க குழுவைப் பாக்கணும்.”

குழுவின் பெயர் ‘உணர்வு ஆய்வுக் குழு’. அதைக் கேட்டதும் தேஹோ, நியூயார்க் பக்கம் ஃப்ளஷிங்கில் இருக்கும் சங்பேயைப் பார்க்கப் போனார். மா சங்பேயும் ஓவியர்தான், இவரைவிட இரண்டு வயது சின்னவன். இருவரும் இருபது வருடப் பழக்கம். அதாவது இருபது வருடமாக ஒருவர் படத்தை மற்றவர் வாய் திறந்து பாராட்டியதில்லை. சங்பே வெள்ளைத் துணியில் வெள்ளைப் பெயின்ட்டை மட்டும் பூசுகிறவன். முந்தைய வருடம் ‘ஏக்கம்’ அவனுக்குத்தான் கிடைத்தது.

“தாத்தா வீட்டுக் கூரை மேல விழுந்த பனின்னு சொன்னேன் அண்ணே. ரெண்டு பேர் அழுதுட்டாங்க.”

“உங்க தாத்தா வீடு புசான்லதானே இருந்துச்சு? அங்க எங்கடா பனி விழுது?”

“அதைக் கேக்க அங்க யாரு இருக்கா? வெள்ளைப் பெயின்ட் பெரிய டப்பா தள்ளுபடில கெடச்சுதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?” சங்பே சோஜு மதுவை ஊற்றினான். “நீங்க ஒண்ணு மட்டும் பண்ணுங்க. கேள்வி கேட்டா உடனே பதில் சொல்லாதீங்க. ஜன்னல் பக்கம் பாருங்க. கொஞ்ச நேரம் கழிச்சு பெருமூச்சு விடுங்க. மத்ததை அவங்களே பாத்துப்பாங்க.”

“நடிக்கச் சொல்றியா?”

“பாக்கச் சொல்றேன். ஜன்னலைப் பாக்கறதுல என்ன நடிப்பு? அப்புறம் அந்தச் சிவப்பு… கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கு அண்ணே. எதுக்கும் யோசிங்க.”

ஆய்வுக் குழுவில் ஏழு பேர் இருந்தார்கள். கொரியர் ஒருவரும் கிடையாது. கொரிய உணர்வைப் பற்றி நடுநிலையோடு முடிவெடுக்க வேண்டுமானால் கொரியர்கள் விலகி நிற்பதே முறை என்று அருங்காட்சியகம் கருதியது. தலைமை வகித்த இயக்குநர் பிரெஸ்காட் லண்ட், நல்ல உயரமும் அதைவிட நல்ல குரலும் உடையவர்.

“மிஸ்டர் யோம், இந்த அருங்காட்சியகம் எந்தக் கலைஞரையும் நீ இப்படித்தான் இருக்கணும்னு சொன்னதே கெடையாது. இனியும் சொல்லாது. நீங்க நீங்களாவே இருக்கலாம். நீங்க நீங்களாத்தான் இருக்கீங்களான்னு சரிபாக்கறதுக்குத்தான் இந்தக் குழு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தர் வந்தார். திறமைசாலி. ஆனா பேட்டி நடுவுல சிரிச்சுட்டார். அவரை நம்பி எப்படிங்க நன்கொடையாளர்களைக் கூப்பிடறது? துக்கம்னு நம்பி வர்றவங்களை ஏமாத்தலாமா?”

“கூடாதுங்க” என்றார் தேஹோ.

“அப்ப ஒரே ஒரு கேள்வி. நீங்க ஏன் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவே இல்ல?”

உண்மையான பதில் தேஹோவிடம் தயாராக இருந்தது: பள்ளியில் சம்பளம் பரவாயில்லை, ஹேரானுக்கு ஹேக்கன்சேக்கில் பல் மருத்துவமனை வேலை, சோல் நகரத்தில் ஷெட்டோடு வீடு கிடைக்காது. வாயைத் திறக்கப்போனார். சங்பே சொன்னது ஞாபகம் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பினார்.

ஜன்னலுக்கு வெளியே, எதிர்ச் சாரியில் அவர் கார் நின்றிருந்தது. அருங்காட்சியகத்தின் பார்க்கிங்கில் விட்டால் ஏதாவது வில்லங்கம் இருக்கும் என்று தெருவில் விட்டிருந்தார். பார்க்கிங் மீட்டரில் நேரம் முடிந்திருந்தது. சீருடை போட்ட ஒருவர் சாவகாசமாக அதை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அந்த ஆள் காரின் முன்னால் நின்றார். அபராதச் சீட்டை எழுதினார். வைப்பரைத் தூக்கினார்.

தேஹோ எழுந்துபோய்க் கண்ணாடியில் கையை வைத்தார். “போச்சு” என்றார். “எல்லாம் போச்சு.”

குழுவில் ஒரு பெண்மணி கைக்குட்டையை எடுத்தார். இயக்குநர் லண்ட் மெல்ல, “இதுக்கு மேல கேக்கறது மனுஷத்தன்மை இல்ல” என்றார். ஏகமனதாகத் தேர்வு.

அதற்குப் பிறகு அருங்காட்சியகத்தின் கோரிக்கைகள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் படத்தின் தலைப்பு: ‘வெள்ளிக்கிழமை’ என்றால் ஜனங்களுக்கு விடுமுறை ஞாபகம் வருகிறதாம், ‘எல்லையில் ஒரு காயம்’ என்று மாற்றலாமா? தேஹோ பல்லைக் கடித்துக்கொண்டு, “முப்பது அடி நிச்சயம்தானே?” என்று கேட்டுவிட்டுச் சம்மதித்தார். பிறகு போட்டோ. நேராகப் பார்க்க வேண்டும், சிரிக்கக் கூடாது, பல் தெரியக் கூடாது. “எதுக்கு?” என்று கேட்டார். “வடிவமைப்பு” என்றார்கள். இந்த நாட்டில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. பிறகு, சிவப்புக்குக் கீழே மூலையில் நிலா மாதிரி உருண்டையான வெள்ளைப் பீங்கான் ஜாடி ஒன்று வரைந்தால் நன்றாக இருக்குமே என்றாள் மெரடித்.

“கார் கழுவுற இடத்துல ஜாடி எங்கம்மா வரும்?”

“கொரியாவுல எங்க வேணும்னாலும் வரலாம் இல்லையா?”

“இது ரூட் 46” என்றார் தேஹோ. “அதை மட்டும் கேக்காதீங்க.”

அவள் வருத்தப்படவே இல்லை. நிஜ ஜாடி ஒன்றைப் படத்துக்கு முன்னால் மேடை போட்டு வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். ஜாடி வெறுமையாக இருந்தது குழுவுக்கு உறுத்தியதால் அதில் வெள்ளைச் சாமந்தி வைக்க முடிவானது. சாமந்திக்கு வாசம் போதாதென்று ஊதுவத்தி. சுவர் காலியாகத் தெரிந்ததால் மேடைக்கு மேலே தேஹோவின் போட்டோ. அதைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கறுப்புச் சட்டம் போட்டார்கள். வடிவமைப்பாளர் ஒரு குறியீடு வேண்டும் என்று இரவு பகலாக யோசித்து, சட்டத்தின் மேல் மூலைகள் இரண்டிலும் சாய்வாக ஒவ்வொரு கறுப்புப் பட்டையை இழுத்துவிட்டார். துண்டாடப்பட்ட தீபகற்பம் என்று அதற்கு விளக்கம். குழு கைதட்டியது.

அந்தப் பட்டைகளை எந்தக் கொரியரிடம் காட்டியிருந்தாலும் அடுத்த நொடியே இது சாவு வீட்டுப் படம் என்று சொல்லியிருப்பார். தேஹோவிடம் காட்டவில்லை. ஓவியர்கள் முன்கூட்டி வந்தால் சுவரைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறார்கள் என்பதால் திறப்பு விழா வரை அவர்களை உள்ளே விடுவதில்லை.

அதே போட்டோ, அதே பட்டைகளோடு, கொரியக் கடைகள் நிறைந்த பாலிசேட்ஸ் பார்க் ஊரின் பிராட் அவென்யூ முழுக்கச் சுவரொட்டியாக வந்தது. பேக்கரிக் கண்ணாடியில், மருந்துக்கடைக் கதவில், கரோக்கே மாடிப்படியில். கீழே பொடி எழுத்தில் இருந்த ஆங்கிலத்தை யார் படித்தார்கள்? இடம், தேதி, நேரம் தெரிந்தது. அது போதும்.

தேஹோவுக்கு எக்கச்சக்கமாகப் போன் வந்தது. அவர் ஒன்றையும் எடுக்கவில்லை. எடுத்தால் மெரடித் இன்னொரு ஜாடி கேட்பாள் என்று பயம். தேவாலயத்தில் பழக்கமான, கடை வைத்திருக்கும் கு அம்மாள் மட்டும் விடாமல் முயன்று, கடைசியில் பல் மருத்துவமனையில் ஹேரானைப் பிடித்துவிட்டாள்.

“மனசைத் தேத்திக்கம்மா. என்ன சொல்றதுன்னே தெரியல.”

கண்காட்சியைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தாள் ஹேரான். “என்ன பண்றது அக்கா. ரெண்டு மாசமா இதே இழுபறிதான். இப்பவாவது முடிஞ்சுதே.”

“ரெண்டு மாசமாவா! எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ.”

“அவருக்கு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு. ஆனா கடைசில நல்ல இடமாக் கெடச்சுதுக்கா. முப்பது அடி. ஜம்முன்னு வெளிச்சம். நான் இனிமே ஷெட்டைக் காலி பண்ணிடலாம்னு இருக்கேன்.”

மறுமுனையில் கு அம்மாள் போனை வைத்துவிட்டாள். இப்படி ஒரு கல்நெஞ்சை அவள் பார்த்ததில்லை.

விழா அன்று சாயங்காலம் தேஹோ பார்க்கிங் தேடி நாலு தெரு சுற்றிவிட்டுத் தாமதமாகத்தான் வந்தார். மஞ்சள் கட்டம் போட்ட புதுச் சட்டை போட்டிருந்தார். வாசலில் நின்ற ஊழியர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். “உள்ளே எல்லாரும் கறுப்புல இருக்காங்க சார். கொஞ்சம் மரியாதையா வந்திருக்கலாம்.”

உள்ளே பிராட் அவென்யூவே திரண்டிருந்தது. பேக்கரிக்காரர், மருந்துக்கடைக்காரர், பயிற்சிப் பள்ளிப் பெற்றோர்கள், எல்லாரும் கறுப்புக் கோட்டில். அவர்கள் அனுப்பியிருந்த, ஆள் உயரத்துக்கு மேல் எழும்பிய மூன்றடுக்கு வெள்ளைச் சாமந்தி வளையங்கள் வரிசையாகச் சுவரை அடைத்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் எங்கோ அவர் படம் இருந்தது. மேலே ஒரு விரற்கடை நுரை மட்டும் தெரிந்தது. சாவு வீட்டில் பணம் வைத்துக் கொடுக்கும் வெள்ளை உறைகளை எல்லாரும் நன்கொடைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக ஊதுவத்தி ஏற்றி, செருப்பைக் கழற்றி, போட்டோவின் முன்னால் விழுந்து கும்பிட்டார்கள். உயிரோடு இருப்பவருக்கு ஒரு தரம், போனவருக்கு இரண்டு தரம் என்பது கணக்கு. எல்லாரும் இரண்டு தரம் விழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் முத்து மாலை போட்ட அமெரிக்கச் சீமாட்டிகளும் முழங்கால் வலியோடு இரண்டு தரம் விழுந்தார்கள்.

தேஹோ தன் போட்டோவையும் பட்டைகளையும் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் சந்தேகப்பட்டது போதாது என்று அவருக்குத் தோன்றியது.

பேச்சு மேடையில் இயக்குநர் லண்ட் தழுதழுத்துக்கொண்டிருந்தார். “இருபது வருஷமாத் திறப்பு விழா நடத்தறேன். இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்ல. ஜனங்க உள்ளே நுழையும்போதே அழறாங்க. படத்தைப் பாக்கக்கூட இல்ல! கலையோட உச்சம்னா இதுதான். படமே தேவைப்படாத ஒரு நிலைமை!”

தேஹோ கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனார். மெரடித் ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

“நான் சாகலைம்மா.”

“தெரியும். இப்பத்தான் ஒருத்தர் எனக்கு விளக்கினாங்க.” அவள் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “பத்து நிமிஷம் மட்டும் உயிரோட இருக்காதீங்க, ப்ளீஸ். அவங்களோட அனுபவத்துல நாம குறுக்க போகக் கூடாது.”

அப்போது ஒரு வளையம் தரையில் உரசிக்கொண்டு நகர்ந்தது. அதை இழுத்தவன் சங்பே. இன்னொன்றையும் இழுத்தான். பிறகு கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்தபடி, சுவரையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தான், நடந்தான், மெரடித் மறித்த இடம்வரை வந்து, தேஹோ நிற்பது தெரியாமல் அவருக்கு முன்னால் நின்றான்.

“சுத்துதே அண்ணே” என்றான் தனக்குள். “நிஜமாவே சுத்துதே. நம்ம கூட்டத்துல ஒரு பய இப்படி ஒரு சிவப்பு போட்டதில்ல. பாவி நான், ஷெட்டுல பாத்த அன்னிக்கே தெரிஞ்சுது எனக்கு. வயித்தெரிச்சல்ல வாயைத் திறக்காம இருந்துட்டேனே.”

தேஹோவுக்குக் கண் நிறைந்துவிட்டது; சுவரே தெரியவில்லை. சாகாமலே இதைக் கேட்க யாருக்குக் கொடுத்துவைக்கும்? அவன் தோளில் கை வைத்தார்.

“டேய், இன்னொரு தரம் சொல்லு.”

சங்பே போட்ட அலறலில் ஊதுவத்தி ஸ்டாண்டு சாய்ந்தது. திரும்பிப் பார்த்தான், தொட்டுப் பார்த்தான், கட்டிக்கொண்டான். கட்டிக்கொண்டபடியே, “ஆனா இங்கேருந்து பாத்தா சிவப்பு கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கு அண்ணே” என்றான்.

கூட்டம் சூழ்ந்துகொண்டது. கு அம்மாளுக்குக் கோபம் கோபமாக வந்தது. “சாகலைன்னா சாகலைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சாயங்கால வியாபாரத்தை விட்டுட்டு வந்திருக்கேன்!” வேலை முடிந்து அப்போதுதான் வந்துசேர்ந்த ஹேரான் சிரித்த சிரிப்பில் அவளுக்கு இன்னும் கோபம். எல்லாரும் கொரிய மொழியில் ஒரே நேரத்தில் கத்தினார்கள். சீமாட்டிகள் அதைத் துக்கத்தின் அடுத்த கட்டம் என்று நினைத்து மரியாதையாகத் தலை குனிந்தார்கள். கடைசியில் ஹேரான் அத்தனை பேரையும் பிராட் அவென்யூவுக்கே திருப்பி ஓட்டிக்கொண்டு போனாள், காரமான மாட்டிறைச்சிச் சூப் வாங்கித் தர. சாவு வீட்டில் கொடுக்கிற அதே சூப்புதான். வந்ததற்கு அதாவது கிடைக்கட்டும்.

தேஹோ படத்தின் பக்கம் திரும்பப் போனார். அதற்குள் ஊழியர்கள் வளையங்களைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டார்கள். மெரடித் அவரை இயக்குநரின் அறைக்கு அழைத்துப் போனாள்.

லண்ட் கதவைச் சாத்தினார். அவர் முகத்தில் உண்மையான பரிவு இருந்தது.

“மிஸ்டர் யோம், நீங்க உயிரோட இருக்கறதுல எங்களுக்குச் சந்தோஷம்தான். அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா பாருங்க, இந்த முப்பது அடிச் சுவர் இன்னிக்கு விழாவுக்கு மட்டும்தான். நாளையிலேருந்து உயிரோட இருக்கற ஓவியர்களுக்கு எங்ககிட்ட இருக்கறது கழிப்பறைக்குப் போற நடைபாதை. அஞ்சடி அகலம். ஆறு வாரம் மாட்டுவோம், அப்புறம் நீங்க எடுத்துட்டுப் போகணும். மறைந்த மேதைகளுக்குன்னா கிழக்குக் கூடம், நிரந்தரமா. இன்னிக்கு விழுந்து கும்பிட்ட ஒரு சீமாட்டி, மறைந்த மேதை யோம் தேஹோ பேர்ல அந்தக் கூடத்தையே புதுப்பிச்சுத் தர்றதா வாக்குக் குடுத்துட்டாங்க. நாங்க யாரையும் பொய் சொல்லச் சொல்றதில்ல. அது எங்க கொள்கையே இல்ல. நீங்க மறுத்துப் பேசாம இருந்தாப் போதும்.”

“பொய்யில்லையா அது?”

“நடுநிலை. ஒரு கலைஞர் உயிரோட இருக்காரா இல்லையாங்கறதுல அருங்காட்சியகம் எந்தப் பக்கமும் சாயாது. நிஜத்தைச் சொல்லணும்னா, உயிரோட இருக்கறவங்க எங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். தலைப்பை மாத்தக் கூடாதுன்னுவாங்க. ஜாடி வேண்டாம்னுவாங்க. போனவங்க எங்களோட ரொம்ப நல்லா ஒத்துழைக்கறாங்க.”

தேஹோ ஜன்னல் பக்கம் பார்த்தார். இந்தத் தடவை கார் அங்கே இல்லை. நாலு தெரு தள்ளி இருந்தது. உண்மையாகவே யோசித்தார்.

“கிழக்குக் கூடத்துல எத்தனை அடி தள்ளி நின்னு பாக்கலாம்?”

“நாப்பது.”

“தலைப்பு நான் வச்சதா இருக்கணும். ‘வெள்ளிக்கிழமை, கார் கழுவுமிடம்.’ முன்னாடி ஜாடி, பூ, ஒரு கருமமும் நிக்கக் கூடாது.”

லண்டும் மெரடித்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “கடைசி ஆசை” என்றாள் மெரடித் மெல்ல. “கடைசி ஆசையை நாங்க மீற மாட்டோம்.”

அன்று வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். ஹேரான் சூப் வாசனையோடு உட்கார்ந்து கேட்டாள். “சரி, போங்க. ஆனா குப்பைத் தொட்டியை நாளைக்கும் நீங்கதான் தெருவுக்கு இழுத்துட்டுப் போகணும். மறைந்த மேதைன்னு சால்ஜாப்பு சொல்லக் கூடாது.”

வசந்தத்தில், பள்ளி விடுமுறை நாள் ஒன்றில், தேஹோ சீட்டு வாங்கிக்கொண்டு கிழக்குக் கூடத்துக்குப் போனார். மூன்று துண்டுகளும் ஒன்றாக நின்றன. மேலே கண்ணாடிக் கூரை, நல்ல வெளிச்சம். முன்னால், விழுந்து கும்பிட ஒரு சின்னப் பாய் மட்டும் விரித்திருந்தார்கள். அவர் படத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே எதிர்ச் சுவர்வரை நடந்தார். முதுகு சுவரில் பட்டது. பயமாக இருந்தது. தூக்கலாக இருந்துவிட்டால்? நாலு வருடம். நிமிர்ந்தார்.

சுழன்றது. ஷெட்டில் கண்ணை மூடிக்கொண்டு எப்படிச் சுழலும் என்று நினைத்தாரோ அப்படியேதான் சுழன்றது. நுரைக்குப் பின்னால் இருந்த முகம் அவருடையதுதான் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. சந்தேகப்பட ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். எதுவும் இல்லை. இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நீலம் குறைவு. அதை அடுத்த படத்தில் சரிசெய்துவிடலாம் என்று தோன்றியது. அடுத்த படம் என்று ஒன்று இருப்பதே அந்த நிமிடம்தான் அவருக்குத் தெரியவந்தது. சந்தோஷம் தாங்கவில்லை.

பக்கத்தில் போனார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் நின்று, ஒரு தரம் விழுந்து கும்பிட்டு எழுந்தார். செருப்பைத் தேடினார்.

“ஒரு நிமிஷம் சார்.” கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் தொண்டர் அம்மாள் அருகே வந்தாள். “இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. கொரியர்கள் இங்க ரெண்டு தரம் விழுந்து கும்பிடுவாங்க.”

“தெரியும்மா.”

“ஒண்ணு போட்டா உயிரோட இருக்கறவங்களுக்குன்னு அர்த்தம். எங்களுக்குப் பயிற்சியில சொல்லிக் குடுத்திருக்காங்க.”

“அதுவும் தெரியும்.”

அம்மாள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். பக்கத்துச் சுவரில் இருந்த மறைந்த மேதையின் போட்டோவை ஒரு தரம் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நிஜமாவே கொரியர்தானா?”

தேஹோ செருப்பை மாட்டிக்கொண்டார். “ரெண்டாவதைப் பிற்பாடு வந்து போட்டுக்கறேன்மா” என்றார். “கொஞ்சம் வேலை கெடக்கு.”